டி.எஸ்.எச். ஏறியிருக்கிறது, அப்புறம் ஏன் தைராய்டு மாத்திரை?

வாசகி கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு வயது 41, எடை 56 கிலோ. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் காலை ஏழரை மணிக்கு பஸ் ஏறிவிடுவேன். அசதி, முடி கொட்டுதல், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு என்று டாக்டரிடம் போனேன். டெஸ்டில் டி.எஸ்.எச். 11.2, ஃப்ரீ டி4 0.7, ஆன்டி டி.பி.ஓ. மிக அதிகம் என்று வந்தது. 50 மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து நானே வேறொரு லேபில் பார்த்தேன், 8.4 என்று வந்தது. இவ்வளவுதானா குறைந்தது என்று தினமும் இரண்டு மாத்திரையாகப் போட ஆரம்பித்தேன். ஐந்து வாரத்தில் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. அப்போது டி.எஸ்.எச். 0.2. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் ஆகிறது, இப்போது 12.6. என் தைராய்டு ஏன் இப்படி ஏறி ஏறி இறங்குகிறது? டி.எஸ்.எச். அதிகம் என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்றுதானே அர்த்தம்? அதற்கு ஏன் மேலும் தைராய்டு மாத்திரை? வாழ்நாள் முழுக்கப் போட்டால் சுரப்பி சோம்பேறி ஆகிவிடாதா? முட்டைக்கோஸ் கூடாது, அயோடின் உப்பை விட்டுக் கல் உப்புக்கு மாறு என்கிறார்கள், சரியா? லேபில் 'முழு ஹார்மோன் பேக்கேஜ்' எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கவா? என் மகளுக்கு 15 வயது. பெரியவளாகி இரண்டு வருடம் ஆகிறது, மாதவிடாய் இன்னும் ஒழுங்காக இல்லை. அவளுக்கும் இதுதானா? பி.கு.: முடிக்காக மருந்துக்கடையில் வாங்கி பயோட்டின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். மூட்டு வலிக்குக் கால்சியமும் உண்டு.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தைராய்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆரம்பத்திலிருந்து அது ஒரே மாதிரி, தேவையைவிடச் சற்றுக் குறைவாகத்தான் சுரந்துகொண்டிருக்கிறது. ஏறி இறங்கியதெல்லாம் நீங்கள் விழுங்கிய மாத்திரையின் அளவு. பேப்பரில் நீங்கள் பார்த்த எண்ணும் தைராய்டுடையது இல்லை, இன்னொரு சுரப்பியுடையது. இந்த இரண்டும் புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். அதனால் இதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதில்லை. மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு சிறு எலும்புக் குழியில் உட்கார்ந்திருக்கும் பிட்யூட்டரியில் சுரக்கிறது. பட்டாணி அளவுதான், எடை அரை கிராம் இருக்கும். தைராய்டைப் பார்த்து 'வேலை செய்' என்று அது அனுப்பும் உத்தரவுதான் டி.எஸ்.எச். அந்த உத்தரவைக் கேட்டுக் கழுத்தில் இருக்கும் தைராய்டு, டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. பெரும்பகுதி டி4. அதைக் கல்லீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் உடம்பு தேவைக்கேற்ப டி3-ஆக மாற்றிக்கொள்கிறது. செல்லுக்குள் போய் வேலை பார்ப்பது இந்த டி3. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், குடல் எவ்வளவு நகர வேண்டும், உடம்பு எவ்வளவு சூட்டை உண்டாக்க வேண்டும், தோல் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும் என்பதில் எல்லாம் அதற்குக் கை உண்டு. அசதி, மலச்சிக்கல், வறண்ட தோல், குளிர் தாங்காமை என்று தொடர்பில்லாத தொந்தரவுகள் ஒரே ஆளுக்கு ஒன்றாக வருவது இதனால்தான்.

ரத்தத்தில் இருக்கும் டி4, டி3 அளவை பிட்யூட்டரி ஓயாமல் கவனித்துக்கொண்டே இருக்கிறது. போதுமான அளவு இருந்தால் டி.எஸ்.எச்.சைக் குறைத்துக்கொள்ளும். போதவில்லை என்றால் கூட்டும். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பையனை அம்மா எழுப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் குரலிலேயே எழுந்துவிட்டால் அம்மா சத்தம் போடுவதில்லை. அசையாமல் படுத்திருந்தால் குரல் ஏறிக்கொண்டே போகும். பக்கத்து வீட்டில் இருப்பவருக்கு அம்மாவின் குரல் மட்டும்தான் கேட்கிறது. ஆனாலும் பையன் எழுந்தானா இல்லையா என்று அந்தக் குரலை வைத்தே சொல்லிவிடலாம். டி.எஸ்.எச். 11.2 என்பது அந்தக் குரல். சுரப்பி சோர்ந்து கிடப்பதால்தான் அது ஏறியிருக்கிறது. உங்கள் ஃப்ரீ டி4 0.7 என்று குறைவாக வந்திருப்பதே சாட்சி. மாத்திரையில் இருப்பது அதே டி4. அது ரத்தத்தில் போதுமான அளவு சேர்ந்ததும் குரல் தானாகத் தணிந்துவிடும்.

சரி, டி4-ஐ நேராக அளந்து பார்த்தால் போதாதா, எதற்கு இந்தச் சுற்றுவழி என்று கேட்கலாம். பிட்யூட்டரியின் காது அவ்வளவு கூர்மை. டி4 கொஞ்சம் குறைந்து, லேபின் சாதாரண எல்லைக்குள்ளேயே இருக்கும்போது கூட டி.எஸ்.எச். இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடும். டி4 இரண்டு மடங்கு மாறினால் டி.எஸ்.எச். நூறு மடங்கு வரை மாறக்கூடும். அதனால்தான் 4-ல் இருந்து 8-க்குப் போனது என்றால் நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பலரும் இந்த எண்ணைச் சர்க்கரை அளவு மாதிரியே படிக்கிறார்கள். 8.4-ஐப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று நீங்கள் நினைத்ததும் அந்தக் கணக்கில்தான்.

பிட்யூட்டரிக்கும் மேலே ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி இருக்கிறது. டி.ஆர்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி பிட்யூட்டரியைத் தூண்டுவது அது. மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட துளி மூலக்கூறு. அதைப் பிரித்தெடுக்க இரண்டு ஆய்வுக் குழுக்கள் லட்சக்கணக்கான ஆடுகள், பன்றிகளின் மூளைத் துண்டுகளை அரைத்துப் பல வருடம் போட்டி போட்டன. 1969-ல் அதன் அமைப்பு தெரிந்தது. அந்தக் குழுக்களின் தலைவர்கள் கிய்மேன், ஷாலி இருவரும் 1977-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். உங்களுக்கு இது எதற்கு என்றால், டி.ஆர்.எச்.சுக்கு இன்னொரு குணம் உண்டு. பிட்யூட்டரியில் பால் சுரப்புக்கான புரோலாக்டினையும் அது கொஞ்சம் தூண்டிவிடும். தைராய்டு குறைவு கடுமையாக இருந்தால் டி.ஆர்.எச். ஏறி, புரோலாக்டினும் ஏறி, கருமுட்டை வெளியாவது தடுமாறி, மாதவிடாய் கலைந்துபோகலாம். உங்களுக்கு ரத்தப்போக்கு அதிகமானதில் தைராய்டுக்குப் பங்கு இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் 41 வயதில் அதை மட்டும் காரணமாக எடுத்துக்கொண்டு விட்டுவிடக் கூடாது. டி.எஸ்.எச். சரியான பிறகும் ரத்தப்போக்கு குறையவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபினை இப்போதே பாருங்கள். அசதியில் பாதி அங்கிருந்தும் வரலாம்.

இனி அந்த நான்கு எண்களுக்கு வருவோம். டி4-இன் ஆயுள் நீளம். இன்று ரத்தத்தில் இருக்கும் டி4-இல் பாதி கரைய ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் புது அளவு மாத்திரை தொடங்கினால் ரத்தத்தில் அது நிலைக்கு வரவே நாலைந்து வாரம் பிடிக்கும். பிட்யூட்டரி அதைப் பார்த்து நிதானமாகத் தன் சுரப்பை மாற்றிக்கொள்ள மேலும் சில நாள். இதனால்தான் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து டெஸ்ட் எடுக்கச் சொல்கிறோம். நீங்கள் மூன்றாம் வாரத்தில் பார்த்துவிட்டீர்கள். 11.2-ல் இருந்து 8.4-க்கு வந்தது நல்ல இறக்கம். மருந்து வேலை செய்துகொண்டிருந்தது, இன்னும் முடிக்கவில்லை. பையன் எழுந்து போர்வையை மடித்துக்கொண்டிருக்கும்போதே, 'இன்னும் எழவில்லை' என்று இன்னொரு முறை தண்ணீர் தெளித்த கதைதான்.

இரண்டு மாத்திரை ஏன் அதிகமானது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தைராய்டு சுத்தமாக வேலை செய்யாத ஒருவருக்கே கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம் போதும். உங்கள் 56 கிலோவுக்கு அது 90 மைக்ரோகிராம். உங்கள் சுரப்பியோ இன்னும் கொஞ்சம் சுரக்கிறது. அதன்மேல் 100 போட்டால் மிஞ்சிவிடும். மிஞ்சியதால் படபடப்பு, நடுக்கம். அம்மா வாயை மூடிக்கொண்டதால் டி.எஸ்.எச். 0.2. இதே நிலை மாதக்கணக்கில் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பின் பலமும் குறையும். விரைவாக அறிகுறிகள் தெரிந்து நீங்கள் கவனித்தது நல்லதுதான். ஆனால் மாத்திரையை முழுக்க நிறுத்தியது தப்பு. அளவைக் குறைத்திருக்க வேண்டும், அதுவும் டாக்டரைக் கேட்டு. நிறுத்திய முதல் வாரம் உடம்பு நன்றாகவே இருந்திருக்கும். பலரையும் ஏமாற்றுவது அந்த வாரம்தான். பாக்கி இருந்த டி4 வாரத்துக்கு வாரம் பாதியாகிக் கரைந்து, இப்போது தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டீர்கள். 12.6-க்கும் 11.2-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுமில்லை.

இப்போது என்ன செய்ய வேண்டும்? முதலில் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போங்கள். நடந்ததை மறைக்காமல், எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை, எந்தத் தேதியில் டெஸ்ட் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். திட்டுவார் என்று பயந்து 'ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன்' என்று சொன்னால், 50 போதவில்லை போலிருக்கிறது என்று அவர் 75 எழுதிவிடுவார். அப்படி அளவு கூடிப்போய் வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் விஷயத்தில் 50-க்கு முழு எட்டு வாரம் இன்னும் கொடுத்துப் பார்க்கவே இல்லை. அங்கிருந்து மீண்டும் தொடங்கலாமா என்று கேளுங்கள். வீட்டில் மீதி இருக்கிறது என்பதற்காக இரண்டாக மட்டும் தொடங்காதீர்கள். கடலூர் அரசு மருத்துவமனை உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதற்காக ஜிப்மர் வரிசையில் வந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை. நல்ல பொது மருத்துவரே பார்த்துக்கொள்ளக்கூடிய நோய் இது.

பயோட்டின் விஷயத்தைப் பி.கு.வில் போட்டிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். பல லேப்களில் தைராய்டு டெஸ்டுக்குப் பயன்படுத்தும் முறையிலேயே பயோட்டின் ஒரு அங்கம். ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் அது குறுக்கே புகுந்து டி.எஸ்.எச்.சைக் குறைத்தும், டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை சில பத்து மைக்ரோகிராம்தான். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5, 10 மில்லிகிராம் என்று நூறு மடங்குக்கும் மேல் இருக்கிறது. உங்கள் 0.2-இல் அதன் பங்கும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் படபடப்பும் நடுக்கமும் சேர்ந்து வந்ததால் மாத்திரை மிஞ்சியது உண்மைதான். அடுத்த டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள். என்னைக் கேட்டால் மொத்தமாகவே நிறுத்திவிடலாம். உங்களுக்கு முடி கொட்டுவது பயோட்டின் குறைவால் இல்லை. டி.எஸ்.எச். சரியானாலும் முடி உடனே வராது, சில மாதம் பிடிக்கும். எல்லா அறிகுறிகளிலும் கடைசியாகத் திரும்புவது முடிதான். அந்த இடைவெளியில்தான் ஆயிரக்கணக்கில் காசு எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் போகிறது.

டெஸ்ட் எடுப்பதில் இன்னும் சில சொல்ல வேண்டும். ஒரே லேபில் எடுங்கள், காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில். டி.எஸ்.எச். நள்ளிரவுக்குப் பின் உச்சத்துக்குப் போய், பகலில் இறங்கும். ஒரு முறை காலை 7 மணிக்கும் அடுத்த முறை மாலை வேலை முடிந்து வந்தும் கொடுத்தால் உடம்பில் எதுவும் மாறாமலே எண் மாறிவிடும். அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். தைராய்டுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. உங்கள் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் ஆன்டி டி.பி.ஓ. டெஸ்டை இனி ஒருபோதும் எடுக்காதீர்கள். காரணம் என்ன என்று சொல்லிவிட்டது, அதன் வேலை முடிந்தது. அது 600-ல் இருந்து 900 ஆனாலும் சிகிச்சையில் ஒரு மாற்றமும் வராது.

மாத்திரை போடும் முறையில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். இது வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டியது. போட்டபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் கூடாது; முக்கியமாகக் காபி கூடாது. ஏழரை பஸ்ஸுக்கு ஓடும் உங்களிடம் இதைச் சொல்வது எளிது என்று எனக்குத் தெரியும். தலைமாட்டில் மாத்திரை பாட்டிலும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்துவிடுங்கள். கண் விழித்ததும் போட்டுவிட்டு, கோலம், குளியல், சமையல் அடுப்பு எல்லாம் முடித்துக் காபி குடித்தால் முக்கால் மணி நேரம் தானாக ஓடியிருக்கும். எழுந்ததும் காபி இல்லாமல் கை கால் ஓடாது என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இரவு 8 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, 11 மணிக்குப் படுக்கும்போது போடலாம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். காலையோ இரவோ, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள்.

உங்கள் கால்சியம் மாத்திரை இங்கே ஒரு வில்லன். கால்சியமும் இரும்புச்சத்தும் குடலிலேயே டி4-ஐப் பிடித்துக்கொண்டு உள்ளே விடாது. நாலு மணி நேரம் தள்ளி வையுங்கள். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு மாற்றிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. ஹீமோகுளோபின் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்தாலும் இதே விதி. வாயு மாத்திரை தினமும் போடுபவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் மறந்துபோனால் பதறாதீர்கள். மேலே சொன்ன ஏழு நாள் கணக்கு அங்கே உங்களுக்குச் சாதகம். நினைவு வந்தபோது வயிறு காலியாக இருந்தால் போட்டுக்கொள்ளலாம்.

பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாத்திரைக்குச் சூடு, ஈரம், வெளிச்சம் மூன்றும் ஆகாது. நம் கடற்கரை ஊர்களில் காற்றே ஈரம். உப்பு ஜாடியில் உப்பு கசிவதைப் பார்க்கிறீர்களே. வந்த பாட்டிலிலேயே மூடியை இறுக்கி, சமையலறையிலும் ஜன்னலோரத்திலும் இல்லாமல் துணி அலமாரியில் வையுங்கள். கைப்பையில் போட்டு பஸ்ஸில் தினம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் கொண்டுபோக வேண்டாம்.

'சுரப்பி சோம்பேறி ஆகிவிடாதா' என்ற கேள்வி நல்ல கேள்வி. உங்கள் விஷயத்தில் பயப்பட வேண்டியதில்லை. ஆன்டி டி.பி.ஓ. அதிகம் என்றால் உங்கள் எதிர்ப்புச் சக்தியே தைராய்டை அந்நியன் என்று நினைத்து அரித்துக்கொண்டிருக்கிறது. 1912-ல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் முதலில் எழுதி வைத்ததால் அவர் பெயரிலேயே இந்த நோய் இருக்கிறது. சுரப்பி வேலை குறைந்தது மாத்திரையால் வந்த பழக்கம் இல்லை, மாத்திரைக்கு முன்பே நடந்த சேதம். அந்தச் சேதம் பெரும்பாலும் திரும்பாது, அதனால் மாத்திரையும் நீண்டகாலம்தான். நீண்டகாலம் என்றால் என்ன ஆகும் என்று கவலைப்படுபவர்களுக்கு நான் ஒரு பழைய கதை சொல்வதுண்டு. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், தைராய்டு குறைவால் கைவிடப்பட்ட நிலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அப்போது தைராக்ஸின், அதாவது இந்த டி4, என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. அதைக் கெண்டல் என்ற அமெரிக்க வேதியியலாளர் பிரித்தெடுத்தது 1914-ல்தான். அந்தப் பெண்மணி ஆட்டுத் தைராய்டை வைத்தே இன்னும் 28 வருடம் வாழ்ந்து, 74 வயதில் இறந்தார். உங்களிடம் இருப்பதோ மைக்ரோகிராம் துல்லியத்தில் அளந்த சுத்தமான டி4.

ஆனால் 'வெளியில் இருந்து கொடுத்தால் சுரப்பி படுத்துவிடும்' என்ற பயம் முழுக்க உண்மையாகும் இடம் ஒன்று இருக்கிறது: ஸ்டீராய்டு. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் சுரக்கிறது. அதற்கும் பிட்யூட்டரியில் இருந்து ஏ.சி.டி.எச். என்ற உத்தரவு வர வேண்டும். சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு வெளியில் இருந்து வந்துகொண்டே இருந்தால் உத்தரவு நின்றுபோய், அட்ரினல் சுருங்கிவிடும். அந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ டாக்டர் சொல்லிப் போடுபவர்களுக்குப் படிப்படியாகக் குறைக்கும் திட்டம் இருக்கும். எனக்குக் கவலை மற்றவர்களைப் பற்றி. மூட்டு வலிக்குப் பெயரில்லாத பொட்டலத்தில் பொடியோ மாத்திரையோ வாங்கி, 'இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது, பசி நன்றாக எடுக்கிறது, முகம் பூரித்துவிட்டது' என்று மகிழ்பவர்கள். அந்தப் பூரிப்புதான் ஸ்டீராய்டின் அடையாளம். உங்களுக்கு மூட்டு வலி இருப்பதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன்: பொட்டல மருந்துப் பக்கம் போகாதீர்கள். ஏற்கெனவே யாராவது மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தால், நிறுத்துவதற்கு முன் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முட்டைக்கோஸ் தாராளமாகச் சாப்பிடுங்கள். அது தைராய்டைத் தடுக்க வேண்டும் என்றால் அயோடின் பற்றாக்குறையும் இருந்து, கிலோக்கணக்கில் பச்சையாகவும் தின்ன வேண்டும். பொரியலாக வேகவைத்தால் தைராய்டைத் தடுக்கும் அந்தப் பொருளும் பெரும்பகுதி போய்விடுகிறது. போதாததற்கு உங்களுக்குத் தேவையான ஹார்மோனை மாத்திரை கொடுக்கிறது; முட்டைக்கோஸால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

உப்புக் கதை வேறு. நாம் மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். கடலில் அயோடின் இருக்கிறது, அதனால் கடல் உப்பிலும் இருக்கும் என்று நம்புகிறோம். கடல் நீரில் அயோடின் மிகச் சொற்பம். உப்பு விளையும்போது அதிலும் ஏறக்குறைய ஒன்றும் தங்குவதில்லை. மீனில் உண்டு, உப்பில் இல்லை. இந்தியாவில் 1962-ல் கழலை நோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியதும், 2006-ல் இருந்து சமையலுக்கு விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம் ஆனதும் சும்மா இல்லை. வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன் தேவை. அந்த ஹார்மோனுக்கு அயோடின் தேவை. டி4 என்ற பெயரில் இருக்கும் 4 என்பது அதில் உள்ள அயோடின் அணுக்களின் எண்ணிக்கை. வீட்டில் வளரும் பெண் இருக்கிறாள், உப்பை மாற்றாதீர்கள். கல் உப்புதான் ருசி என்றால் அயோடின் கலந்த கல் உப்பே பாக்கெட்டில் கிடைக்கிறது. அதற்காக அயோடின் சொட்டு மருந்து, கடல்பாசி மாத்திரை என்று கூடுதலாகவும் போக வேண்டாம். ஹஷிமோட்டோ இருப்பவர்களுக்கு அதிக அயோடின் சுரப்பை மேலும் கெடுக்கும்.

முழு ஹார்மோன் பேக்கேஜ் வேண்டாம். ஹார்மோன் என்பது எந்த நேரத்தில் எடுத்தாலும் ஒரே எண் காட்டும் பொருள் இல்லை. கார்ட்டிசால் காலை 8 மணி வாக்கில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டையும் மாதவிடாயின் எத்தனையாவது நாள் என்று தெரியாமல் படிக்க முடியாது. வளர்ச்சி ஹார்மோன் துடிப்புத் துடிப்பாக வரும். நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கும் பெரும்பாலான நேரம் அளக்க முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும். புரோலாக்டின், ஊசி குத்தும் பயத்திலேயே ஏறிவிடும். நாலு சனிக்கிழமை மதியம் போய்க் கொடுத்தால் நாலு விதமான பேப்பர் வரும். ஏதாவது ஒன்று சிவப்பு எழுத்தில் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த டெஸ்ட். டாக்டர் ஒரு சந்தேகத்தோடு ஒரு ஹார்மோனை, உரிய நேரத்தில் எடுக்கச் சொன்னால் மட்டும் எடுங்கள்.

பிட்யூட்டரியை எல்லாச் சுரப்பிகளுக்கும் தலைவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதனால்தான் ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்ற பயம் வருகிறது. அது பாதிதான் சரி. கணையம் இன்சுலினைச் சுரப்பதற்குப் பிட்யூட்டரியைக் கேட்பதில்லை; ரத்தச் சர்க்கரையைத் தானே பார்த்து முடிவு செய்கிறது. தைராய்டின் பின்னால் ஒட்டியிருக்கும் நாலு பாராதைராய்டுகளும் அப்படித்தான். ரத்தக் கால்சியம் கொஞ்சம் இறங்கினால் தானே விழித்துக்கொள்ளும். உங்கள் பிட்யூட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. சத்தமாகக் கூப்பிடத் தெரிந்த பிட்யூட்டரி அது. எதிர்ப்புச் சக்தியால் வரும் நோய்கள் சில சமயம் சேர்ந்து வரும் என்பதால், வருடத்துக்கு ஒரு முறை சர்க்கரை பாருங்கள், ரத்தசோகையைக் கவனியுங்கள். அதற்கு மேல் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் மாத்திரை மீண்டும் தொடங்கிய பிறகு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நிற்காத படபடப்பு என்று வந்தால் எட்டு வாரம் காத்திருக்காதீர்கள்; அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

கடைசியாக உங்கள் மகள். பெரியவளான முதல் இரண்டு மூன்று வருடம் மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவது இயல்பு. ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, சினைப்பை மூன்றும் ஒத்துப்போகப் பழக அவ்வளவு காலம் பிடிக்கும். ஹஷிமோட்டோ குடும்ப வழி வரக்கூடியது, பெண்களுக்கு அதிகம் வருவது, அது உண்மை. அதற்காக ஆன்டி டி.பி.ஓ. பார்த்து இப்போதே அவளைப் பயமுறுத்த வேண்டாம். உயரம் நின்றுபோனது, கழுத்தின் முன்புறம் வீங்கியது, காரணமில்லாமல் எந்நேரமும் தூக்கம், படிப்பில் திடீர் மந்தம் என்று ஏதாவது தெரிந்தால் ஒரு டி.எஸ்.எச். போதும். மாதவிடாய்த் தேதிகளை ஒரு நோட்டில் அவளையே குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு முறைக்கு நடுவில் 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ, ஒரு வாரத்துக்கு மேல் போனாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ அந்த நோட்டோடு மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் மாத்திரையை அவளுக்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.